ரேடியோ மாட்யூலை பிரெட்போர்டுல சொருகச் சொல்ற உங்க 23-ம் பக்கம் பத்தி புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வணக்கம்.

பொருள்: கிட் புத்தகத்துல தப்பான படம், அதனால ஒரு போர்டு கெட்டுப்போனது, "வாடிக்கையாளர் தவறு"னு நீங்க புகாரை மூடினது.

நான் திருநெல்வேலியில யூபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் பண்றேன். எட்டாவது படிக்கிற எங்க அக்கா பொண்ணோட பிறந்தநாளுக்கு உங்க ஒயர்லெஸ் கிட்டை ஆன்லைன்ல 2,350 ரூபா கொடுத்து வாங்கினேன். ஆர்டுயினோ ஊனோ மாதிரி போர்டு (புரோகிராம் ஏத்தி ஓட்டுற குட்டி கம்ப்யூட்டர் போர்டு) ரெண்டு, என்ஆர்எஃப்24எல்01 ரேடியோ மாட்யூல் ரெண்டு, 400 ஓட்டை பிரெட்போர்டு (பின்னையும் வயரையும் சொருகி சர்க்யூட் சேக்கிற பலகை) ரெண்டு, ஒரு கட்டு ஜம்பர் வயர், ஒரு புத்தகம், இவ்வளவுதான் பெட்டியில. இந்த ரூம்ல பட்டனை அமுக்கினா அந்த ரூம்ல லைட் எரியணும், அதுதான் கடைசி பாடம். அட்டையில பெரிய எழுத்துல "சால்டரிங் தேவையில்லை, சொருகினா போதும்"னு போட்டிருந்ததைப் பாத்துதான் வாங்கினேன், சின்னப் பிள்ளை கையில சூடான அயர்னைக் கொடுக்க வேண்டாமேன்னு.

ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்தா. 23-ம் பக்கத்துல இருக்கிற போட்டோவை அப்படியே பாத்து, மாட்யூலோட எட்டு பின்னையும் பிரெட்போர்டுல அமுக்கி, 3.3 வோல்ட், கிரவுண்டு எல்லாம் இழுத்து, லேப்டாப்புல யூஎஸ்பி போட்டிருக்கா. போர்டு லைட் எரியுது, ஸ்கிரீன்ல எதுவும் வரல, கழட்டி மாட்டி கழட்டி மாட்டி பாத்துட்டு கடைசில "மாமா, இங்க கை வச்சா சுடுது"ன்னு கூப்பிட்டா. நான் போய் விரலை வச்சேன், போர்டுல 3.3 வோல்ட் கொடுக்கிற அந்தக் குட்டி கருப்பு ரெகுலேட்டர், ஒரு செகண்டுக்கு மேல விரல் நிக்கல. உடனே யூஎஸ்பியைப் பிடுங்கினேன்.

மல்டிமீட்டரை பீப்ல (ரெண்டு முனையும் நேரா சேந்திருந்தா கத்துற செட்டிங்ல) வச்சு மாட்யூலோட முதல் ரெண்டு பின்னைத் தொட்டேன், கத்துச்சு. மாட்யூலைக் கழட்டி கையில வச்சுத் தொட்டேன், சத்தம் இல்ல. திரும்ப சொருகினேன், கத்துச்சு. அதாவது மாட்யூல் நல்லாதான் இருக்கு, சொருகின இடம்தான் ஷார்ட்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல, ஆனாலும் எழுதுறேன். பிரெட்போர்டுல குறுக்கு வரிசையில இருக்கிற அஞ்சு ஓட்டையும் அடியில ஒரே கிளிப்புல சேந்திருக்கு. அந்த அஞ்சுல எதுல ரெண்டு பின்னைச் சொருகினாலும் அது ஒரே வயர் மாதிரிதான். ரெண்டு பக்கமும் கால் இருக்கிற ஐசி சிப்புக்கு பிரச்சினை வராததுக்குக் காரணம் நடுவுல இருக்கிற பள்ளம், ஐசியோட ரெண்டு பக்க காலுக்கும் 7.62 மில்லிமீட்டர் இடைவெளி, அது பள்ளத்தோட இந்தக் கரையில ஒரு கால் அந்தக் கரையில ஒரு காலா உக்காந்துடும். ஆனா இந்த மாட்யூல்ல ரெண்டு வரிசைக்கும் நடுவுல வெறும் 2.54 மில்லிமீட்டர்தான், பள்ளத்தைத் தாண்டவே தாண்டாது, ரெண்டு வரிசையும் ஒரே பக்கத்துலதான் விழும். அப்ப எதிரெதிரா இருக்கிற பின் எல்லாம் ஜோடி ஜோடியா சேந்துடும், முதல் ஜோடியே கிரவுண்டும் விசிசியும் (3.3 வோல்ட் சப்ளை உள்ள போற பின்). அடுத்தது சிக்னல் பின்கள், சிஇ கூட சிஎஸ்என், எஸ்சிகே கூட மோசி, மிசோ கூட ஐஆர்கியூ. ஒரு ஜோடிகூட சேரலாம்னு சொல்ற ஜோடி இல்ல.

உங்க நம்பருக்கு போன் பண்ணினேன். எடுத்தவர் மரியாதையாதான் பேசினார், ஆனா "மாட்யூலைத் திருப்பி குறுக்கால சொருகிப் பாருங்க சார்"னு சொன்னார். குறுக்கால சொருகினா ஒரு பக்கத்து நாலு பின்னும் ஒரே கிளிப்புல போயிடும், கிரவுண்டு, சிஇ, எஸ்சிகே, மிசோ நாலும் ஒண்ணு, விசிசி, சிஎஸ்என், மோசி, ஐஆர்கியூ நாலும் ஒண்ணு. சப்ளை ஷார்ட் ஆகாது, ஆனா போர்டோட சிக்னல் பின் எல்லாம் நேரா கிரவுண்டுலயும் 3.3 லயும் மோதும். நான் தெரிஞ்சதால பண்ணல, தெரியாத பிள்ளை பண்ணியிருந்தா அடுத்த போர்டும் போயிருக்கும். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலன்னுதான் நினைக்கிறேன், அவர் மேல எனக்குக் கோவம் இல்ல.

அதுக்கப்புறம் மெயில் அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு வரி பதில், தவறான இணைப்பால ஏற்பட்ட பழுது, வாரண்டி பொருந்தாதுன்னு. தவறான இணைப்புதான், நானும் ஒத்துக்கிறேன். அந்த இணைப்பைப் போட்டோ எடுத்து அச்சடிச்சது யாரு? இன்னொண்ணும் சொல்றேன், நீங்க பெட்டியில வச்ச ஜம்பர் வயர் எல்லாமே ரெண்டு முனையும் ஊசி இருக்கிற வயர். மாட்யூல் பின்னுல மாட்டுறதுக்கு ஓட்டை முனை இருக்கிற வயர் ஒண்ணுகூட இல்ல. அப்ப அந்தப் பிள்ளை சரியா யோசிச்சிருந்தாக்கூட உங்க பெட்டியில இருக்கிறதை வச்சு அந்த மாட்யூலை சரியா மாட்ட வழியே இல்ல. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிறது இதுதான்.

மறுநாள் கடையில ஒரு முனை ஓட்டை, ஒரு முனை ஊசி இருக்கிற வயர் ஒரு கட்டு வாங்கினேன். மாட்யூலுக்கு ஏழு வயர், ஐஆர்கியூவை விட்டுட்டோம். விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். என்கிட்ட இருந்த பழைய போர்டையும் உங்க ரெண்டாவது போர்டையும் வச்சு ஓட்டினோம், சமையல்கட்டுல அமுக்கினா மாடியில எரியுது. ஆக ரெண்டு மாட்யூலும் நல்லா இருக்கு, கெட்டது ஒரு போர்டோட 3.3 வோல்ட் மட்டும், அதுல இப்ப மீட்டர் வச்சா 0.8 காட்டுது. மத்த பின் எல்லாம் வேலை செய்யுது, அதனால முழு கிட்டுக்கும் காசு திருப்பிக் கேக்கல.

எனக்கு அந்த ஒரு போர்டை மாத்திக் கொடுங்க. அதைவிட முக்கியம், இனி போற பெட்டியில ஓட்டை முனை வயர் வைங்க, இல்லன்னா எட்டு ஓட்டை சாக்கெட்டோட வர்ற அந்தக் குட்டி அடாப்டர் போர்டு வைங்க, அதுல 3.3 ரெகுலேட்டரும் சேந்தே வருது. 23-ம் பக்கத்தை மாத்துற வரைக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது உள்ள போடுங்க, ஏற்கனவே வாங்கினவங்க மெயில் ஐடி உங்ககிட்டயே இருக்கு, அவங்களுக்கும் சொல்லுங்க. உங்க வைஃபை கிட் அட்டையிலயும் ஈஎஸ்பி-01ங்கிற வைஃபை மாட்யூலை இதே மாதிரி பிரெட்போர்டுல சொருகியிருக்கிற படம் இருக்கு. அதுலயும் நாலு நாலா ரெண்டு வரிசைதான், அங்க விசிசி கூட ஆர்எக்ஸும் (டேட்டா வாங்குற பின்) கிரவுண்டு கூட டிஎக்ஸும் (டேட்டா அனுப்புற பின்) சேந்துடும், ரீசெட் பின் ஜிபிஐஓ ஜீரோ கூட சேந்துடும். தயவுசெஞ்சு அதையும் பாருங்க.

உங்க பதில் மெயிலை என் போன்ல முதல்ல படிச்சது அவதான். "நான்தான் தப்பா மாட்டிட்டேனா மாமா"ன்னு கேட்டா. படத்துல இருந்த மாதிரியேதான் மாட்டினேன்னு புத்தகத்தை எடுத்துட்டு வந்து காட்டினா. அதனால அடுத்த பதில்ல படம்தான் தப்பு, மாட்டினவங்க தப்பு இல்லன்னு ஒரு வரி சேத்து எழுதுங்க, அவகிட்ட காட்டணும்.

23-ம் பக்க போட்டோ, பில், மீட்டர் ரீடிங் போட்டோ மூணும் இணைச்சிருக்கேன். கெட்ட போர்டு என்கிட்டயே பத்திரமா இருக்கு, அனுப்பச் சொன்னா அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
திருநெல்வேலி