கிருஷ்ணகிரி தாண்டி ஃபேரிங்கை நேராக்கித் தந்த லாரி அண்ணனுக்கு

44-ஆம் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் என் டூரிங் பைக்கைப் பார்த்து, "என்ன தம்பி, மூஞ்சி கோணிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டீர்களே, உங்களுக்குத்தான் இந்த நன்றி. பேர் கேட்பதற்குள் லாரியை எடுத்துவிட்டீர்கள்.

பார்க்கிங்கில் யாரோ தள்ளிவிட்டதிலிருந்து இடது ஃபேரிங், அதாவது பைக்கின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் கவசம், டேங்க் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து நின்றது. சர்வீஸில் ஓர போல்ட்டை மட்டும் இறுக்கி அனுப்பினார்கள். வேகம் 80-ஐத் தாண்டினால் கடகடவென்று சத்தம்.

நீங்கள் செய்தது நேர் எதிர். முதலில் எல்லா போல்ட்டையும் தளர்த்தினீர்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஃபேரிங்கைத் தாங்கும் பிராக்கெட் லேசாக வளைந்திருந்ததைக் காட்டி, ரிங் ஸ்பேனரை மாட்டி நெம்பி நிமிர்த்தினீர்கள். அப்புறம் ரப்பர் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு, பிளாஸ்டிக் முளையை உள்ளங்கையால் தட்டி உட்கார வைத்தீர்கள். போல்ட்டையெல்லாம் கையாலேயே பாதி திருகி, இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக வந்த பிறகுதான் ஆலன் கீ. "பிளாஸ்டிக்குப்பா, இரும்பு மாதிரி இறுக்குனா போல்ட் மாட்டுற காது பிஞ்சிரும்" என்றீர்கள். கடைசியில் ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, வயர் எங்காவது இழுபடுகிறதா என்றும் பார்த்தீர்கள். எந்த மெக்கானிக்கும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

காசு வாங்கவில்லை. டீக்குக்கூட என்னைக் கொடுக்க விடவில்லை. ஓசூர் வரை சத்தமே இல்லை அண்ணே. உங்கள் ரிங் ஸ்பேனர் என் டேங்க் பேக்கிலேயே வந்துவிட்டது. அடுத்த முறை அந்தப் பக்கம் வரும்போது கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.