பாட்டி பிறந்த வீட்டிலும் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வரலாறு தேடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எப்படித் தொடங்குவது என்று நன்றாகச் சொல்லியிருந்தார்கள். தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிடுவது பற்றி நான் எழுத விரும்புகிறேன். நான் மூணாறு எஸ்டேட் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் பழைய மாணவர்கள் பலர் ஆசையாக இறங்கி, தாத்தாவின் அப்பா பெயரோடு சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சோர்வுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இங்கே பலரும் சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கமிருந்து, தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்த கங்காணிகளோடு வந்தவர்களின் பிள்ளைகள். காகிதங்கள் இரண்டு மாநிலங்களில் சிதறிக் கிடக்கின்றன. இடுக்கி மாவட்டம் உருவானதே 1972இல்தான். மூணாறு அடங்கிய தேவிகுளம் தாலுகாவின் அதற்கு முந்தைய ஆவணங்களைக் கோட்டயம் மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும். சங்கரன்கோவிலும் 2019 வரை திருநெல்வேலி மாவட்டம். அப்புறம் பெயர்க் குழப்பம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தில் ஒரே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) நாலு கருப்பசாமி இருப்பார்கள். ஜாதகத்தில் வருஷத்தின் பெயர் மட்டும் இருந்தால் அதுவும் சிக்கல்தான். தாது என்றால் பஞ்சம் வந்த 1876ஆ, 1936ஆ?

இந்த இடத்தில் எல்லோரும் அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று நேராக மேலேயே போகப் பார்க்கிறார்கள். ஒரு பெயர் கிடைக்காவிட்டால் வழி அடைபட்டுவிடுகிறது. நான் பக்கவாட்டில் போகச் சொல்வேன். பாட்டி பிறந்த வீடு, தாத்தாவின் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர், சம்பந்தி வீடு என்று போய்க் கேளுங்கள்.

என் தாத்தா எந்த வருஷம் இங்கே வந்தார் என்று அப்பாவுக்கே தெரியாது. தாத்தாவின் தங்கை மகள், எனக்குப் பெரியம்மா முறை, பேச்சுவாக்கில் சொன்னார்: "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு மறு வருஷம்தான் மாமா மலையேறுனாகன்னு எங்கம்மா சொல்லும். போடியிலேர்ந்து குரங்கணி வழியா நடந்தே வந்தாகளாம்." கொல்லம் ஆண்டு 1099இன் வெள்ளம், அதாவது 1924 ஜூலை. மூணாறின் குண்டலா பள்ளத்தாக்கு ரயில் பாதையை அடித்துக்கொண்டு போன அதே வெள்ளம். வருஷமும் வந்த வழியும் ஒரே பேச்சில் கிடைத்துவிட்டன. அந்தச் சந்தோஷத்திலேயே நெடுநாள் தேடினேன்.

அந்தப் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு பழைய மொய் நோட்டு இருந்தது. இதைப் பலர் குப்பை என்று போட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். பெயரோடு ஊரும் எழுதியிருக்கும். எந்த ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ, அங்கே உங்கள் சொந்தம் இருக்கும். அந்த ஊர்களைக் குறித்துக்கொண்டு குலதெய்வக் கோயில் கொடைக்குப் போனேன். வம்ச வரிசையைத் தாளில் எழுதிக் காட்டினால், "இவர் மூத்தவர், அவரை ஏன் விட்டே?" என்று பங்காளிகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நாலு பேர் உரிமையோடு திருத்துகிற வேலையில் சலிப்பு வராது. தனியாக ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் வரும்.

இங்கே பலர் தேடத் தொடங்குவதே பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காகத்தான். 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கும்போது ஓடுகிறார்கள். அவசரத்தில் தேடினால் கசப்புதான் மிஞ்சும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதே, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் நடந்த நிலச்சரிவில் லயங்களோடு எழுபது பேர் மண்ணில் புதைந்தார்கள். முன்னோர் பெயர்களைச் சொல்லக்கூடிய தாத்தா, பாட்டியும் அவர்களோடு போனார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை சிறு இடம் ஒதுக்கி, மலையேறி வந்த குடும்பங்களின் தேடலை ஊர்ப் பெயரோடு வெளியிடுங்கள். சங்கரன்கோவிலில் உங்கள் நாளிதழைப் படிக்கிற யாருக்காவது அந்தக் குடும்பம் தெரிந்திருக்கும். வீட்டுப் பெண்கள் பிறந்த ஊரையும் கட்டாயம் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மூணாறு பக்கத்து வாசகர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மூணாறு, இடுக்கி மாவட்டம்