சிறப்புரிமைகளைச் சட்டமாக எழுதுங்கள்: தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களுக்கும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரு வாக்காளரின் வணக்கம்.

அரசியலமைப்பின் 194ஆம் உறுப்பு உங்களுக்கு இரு வேறு பாதுகாப்புகளைத் தருகிறது. அவையில் நீங்கள் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ எந்த நீதிமன்றமும் உங்கள்மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்பது ஒன்று. அவையின் உரிமையை மீறியதாகக் கருதப்படும் எவரையும், அவர் உறுப்பினராக இல்லாவிட்டாலும், அவையே விசாரித்துத் தண்டிக்கலாம் என்பது மற்றொன்று. முதலாவதில் ஓர் எழுத்தைக்கூடக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றி அவதூறு வழக்குக்கு அஞ்சாமல் பேச ஓரிடமாவது நாட்டில் இருக்க வேண்டும். என் கோரிக்கை இரண்டாவதைப் பற்றியது. இந்தச் சிறப்புரிமைகளைச் சட்டமியற்றி வரையறுக்கும் பொறுப்பை அதே உறுப்பின் 3ஆம் கூறு உங்களிடமே ஒப்படைத்திருக்கிறது. அதை நிறைவேற்றுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

அப்படியொரு சட்டம் வரும்வரை பிரிட்டிஷ் மக்களவைக்கு உள்ள உரிமைகளே செல்லும் என்று 1950இல் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்யப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தச் சட்டம் அந்த அவையின் பெயரை நீக்கியது. ஆனால் அதற்கு முன்பிருந்த உரிமைகள் அப்படியே தொடரும் என்றும் சொல்லிவிட்டது. அந்தப் பிரிட்டிஷ் அவையோ 1880க்குப் பிறகு ஒருவரையும் சிறையில் அடைத்ததில்லை. அவர்கள் பயன்படுத்தாமல் விட்ட அதிகாரத்தை நம் பேரவை 1987இல் கையிலெடுத்தது: அட்டையில் வெளியிட்ட ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. கண்டனம் வலுத்ததால் சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார் என்றாலும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை அவர் மீறினார் என்ற கேள்விக்கு அன்றும் விடையில்லை, இன்றும் இல்லை. 2003 நவம்பரில் தி இந்து நாளிதழின் ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று பேரவை தீர்மானித்தபோது, உச்ச நீதிமன்றம் தடை விதிக்க வேண்டியிருந்தது. 2017இல் குட்கா பொட்டலங்களை அவைக்குள் கொண்டுவந்து காட்டிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள்மீதே உரிமை மீறல் அறிவிக்கை பாய்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. இன்று ஆளும் வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் நாளை எதிர்வரிசைக்கு மாறலாம் என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

எழுதாமல் விடுவதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. அது மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. சிறப்புரிமைகள் சட்டமாக இயற்றப்பட்டால், மற்றெந்தச் சட்டத்தையும் போல அதுவும் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டாக வேண்டும். 1950களின் இறுதியில், பீகார் சட்டமன்றத்துக்கும் சர்ச்லைட் நாளிதழுக்கும் இடையில் எழுந்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. எழுதினால் பேச்சுரிமை என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கப்படும், எழுதாவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பிறருக்காக ஆண்டுதோறும் சட்டங்களை இயற்றும் ஓர் அவை, தன் அதிகாரத்தை மட்டும் எழுத்துக்கு வெளியே வைத்துக்கொள்வது சூழ்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

நீங்கள் எல்லை வகுக்காவிட்டால் நீதிமன்றங்கள் வகுக்கின்றன. அதுவும் சீராக நடப்பதில்லை. 1993ஆம் ஆண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது லஞ்சம் பெற்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட மக்களவை உறுப்பினர்கள் வழக்கில், பணம் வாங்கி வாக்களித்தவருக்குப் பாதுகாப்பு உண்டு, வாங்கிவிட்டு வாக்களிக்காமல் இருந்தவருக்கு இல்லை என்ற விந்தையான முடிவை 1998இல் உச்ச நீதிமன்றம் தந்தது. அது தவறு என்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்ல 2024 மார்ச் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவையின் கூட்டுச் செயல்பாட்டுக்கும் உறுப்பினரின் கடமைக்கும் எது இன்றியமையாததோ அதுவே சிறப்புரிமை என்று அத்தீர்ப்பு வகுத்த அளவுகோலை உங்கள் சட்டத்தின் முதல் பிரிவாகவே வைக்கலாம். கேரளப் பேரவையில் 2015இல் மேசை நாற்காலிகளை உடைத்தவர்களுக்குச் சிறப்புரிமை கேடயமாகாது என்ற 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

முன்மாதிரியும் இருக்கிறது. விகடன் ஆசிரியர் சிறைசென்ற அதே 1987இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் தன் சிறப்புரிமைகளைச் சட்டமாக்கியது. அவையையோ உறுப்பினரையோ விமர்சிக்கும் வெறும் சொற்கள் அவமதிப்பாகா என்று அது அறிவித்தது. சிறைத்தண்டனைக்கு ஆறு மாத உச்சவரம்பு விதித்தது. சிறை ஆணையில் குற்றத்தின் விவரம் எழுதப்பட வேண்டும் என்றது. அடுத்த ஆண்டில் அந்நாட்டின் மேலவை மற்றொன்றும் செய்தது: அவையில் பெயர் சொல்லிப் பழிக்கப்பட்ட குடிமகன், தன் மறுப்பை அவைக் குறிப்பில் சேர்க்கக் கோரலாம். உங்கள் பேச்சுக்கு எதிராக வழக்குத் தொடுக்க இயலாத ஒருவருக்கு இந்த வழியையேனும் நீங்கள் திறந்துவிட வேண்டும்.

ஆகவே, வரைவுச் சட்டம் ஒன்றைத் தயாரிக்கும் பணியை உரிமைக் குழுவிடம் ஒப்படைத்து, வரைவைத் தமிழில் வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்ட பிறகு அவையில் விவாதத்துக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது நடக்கும்வரை, உறுப்பினர் அல்லாத எவருக்கும் சிறைத்தண்டனை விதிப்பதில்லை என்று பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்