அரைக்க ஒரு மில் வேண்டும்

ஆசிரியருக்கு,

மஞ்சப்பை தரும் இயந்திரங்கள் குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் என்று அரசு பையைக் கவனித்தது, சரி. ஆனால் பைக்குள் போகும் பொருளையும் கவனிக்க வேண்டாமா? 'இயற்கை' என்று அச்சிட்ட சீயக்காய்த் தூள், அரப்புத் தூள் எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையில்தான் வருகின்றன. தலையை இயற்கையாகக் கழுவிவிட்டு உறையைச் சாக்கடையில் போடுவதில் என்ன லாபம்?

பாக்கெட் இல்லாமல் அரைத்து வாங்க மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். எங்கள் பகுதி மில்லில் சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் இருந்தது. வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு சேர்த்துக் காயவைத்துத் துணிப்பையில் கொண்டுபோவோம்; தும்மிக்கொண்டே அரைத்துக் கொடுப்பார்கள். அந்த இயந்திரத்தை எடுத்த பிறகுதான் தெருவே பாக்கெட்டுக்கு மாறியது. மாவு அரைக்கும் இயந்திரத்தில் இதைப் போட்டால் அடுத்து அரைக்கும் மாவிலும் நெடி ஏறும். மில்காரரைக் குறை சொல்ல முடியாது. எனவே மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குச் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை அரைக்கத் தனி இயந்திரம் வாங்கக் கடன் தரலாம். உழவர் சந்தைகளில் அவர்களுக்கு ஒரு கடை ஒதுக்கி, வாங்குபவர் கொண்டுவரும் டப்பாவில் எடை போட்டுக் கொடுக்கச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்