நர்ஸுங்களுக்கு அந்தக் கார் கணக்கு வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வந்த சேலரி சாக்ரிஃபைஸ் கார் (சம்பளத்துல ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதுக்குப் பதிலா கம்பெனி மூலமா லீஸ்ல, அதாவது வாடகைக்கு, கார் எடுக்கற ஸ்கீம்) கட்டுரையை என் வீட்டம்மா என்னைவிட முன்னாடியே படிச்சுட்டு, நான் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள அவ ஆபீஸ் போர்ட்டலைத் திறந்து கலர் செலக்ட் பண்ற வரைக்கும் போயிட்டா. அவ இங்க பிரிட்டன்ல என்ஹெச்எஸ்ல, அதாவது அரசு மருத்துவத் துறைல நர்ஸ், நான் ரெடிங்ல ஒரு ஐடி கம்பெனில இருக்கேன். ரெண்டு இடத்துலயும் இந்த ஸ்கீம் இருக்கறதால ஒரே காருக்கு ரெண்டு பேர் பேர்லயும் விலை கேட்டு கொட்டேஷன் எடுத்தோம், ராத்திரி பதினொண்ணரை வரைக்கும் டைனிங் டேபிள்ல பே ஸ்லிப்பை விரிச்சு வச்சுக்கிட்டு கணக்கு போட்டோம். உங்க கட்டுரைல விட்டுப்போன ஒரு விஷயம் அப்பதான் கண்ணுல பட்டுச்சு.

காரோட லிஸ்ட் பிரைஸ் 36,000 பவுண்டு, ஃபுல் எலெக்ட்ரிக், மூணு வருஷ லீஸ். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து மாசம் 500 பவுண்டு, சம்பளத்துல டேக்ஸ் போடறதுக்கு முன்னாடியே கழிச்சுக்குவாங்க. எலெக்ட்ரிக்னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, 2017 ஏப்ரல்ல ரூலை மாத்தினதுலேர்ந்து பெட்ரோல் காருக்கு இதுல பெரிய லாபம் ஒண்ணும் கிடையாது, விட்டுக்கொடுத்த சம்பளத்துக்கே டேக்ஸ் போட்டுருவாங்க, கிலோமீட்டருக்கு 75 கிராமுக்குள்ள புகை விடற காருக்கு மட்டும்தான் விலக்கு. கம்பெனி கார் டேக்ஸ்னு ஒண்ணு இருக்கு, லிஸ்ட் பிரைஸ்ல இத்தனை சதவீதம்னு எடுத்து அதையும் நம்ம வருமானமா கணக்கு வச்சு டேக்ஸ் போடுவாங்க. ஈவிக்கு (எலெக்ட்ரிக் காருக்கு) அந்த சதவீதம் 2024-25 வரைக்கும் 2தான் இருந்துச்சு, அப்புறம் 3, 2026-27ல 4, அடுத்த வருஷம் 5, 2028-29ல 7, 2029-30ல 9. ஏறிக்கிட்டேதான் போகுது. லீஸ் மூணு வருஷம்ங்கறதால முதல் வருஷ ரேட்டை மட்டும் பாத்து ஏமாறக் கூடாது.

எனக்கு 40 சதவீத டேக்ஸ், 2 சதவீத என்ஐ (நேஷனல் இன்சூரன்ஸ், சம்பளத்துல பிடிக்கற இன்னொரு வரி). 500ல 210 மிச்சம், 290 போகுது, அதோட கார் டேக்ஸ் மாசம் 48 (36,000ல 4 சதவீதம், அதுக்கு 40 சதவீத டேக்ஸ், அதைப் பன்னண்டால வகுத்தது), மொத்தம் 338 பவுண்டு. என் கம்பெனில கார் கழிக்கறதுக்கு முன்னாடி இருக்கற சம்பளத்து மேலதான் பென்ஷன் போடறாங்க, அதனால அங்க ஒண்ணும் குறையல. (இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹெச்ஆர்கிட்ட கேட்டே ஆகணும்.)

அவளுக்கு 20 சதவீத டேக்ஸ், 8 சதவீத என்ஐ, அப்ப மிச்சம் கம்மியாத்தானே இருக்கணும்? பாத்தா அவ கணக்குல 345 பவுண்டுதான் வருது! ரெண்டுக்கும் நடுவுல வெறும் 7 பவுண்டு வித்தியாசம். அவளுக்கு ஒரே குஷி, "என் பேர்லயே எடுத்துக்கலாம், உன் வேலை எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்"னு வேற சொல்றா. எனக்கு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திரும்ப வரிவரியா பாத்தப்பதான் தெரிஞ்சது, சம்பளம் 500 குறையறதால அவ கட்டற பென்ஷன் பணமும் 9.8 சதவீதக் கணக்குல மாசம் 49 பவுண்டு குறையுது. அந்த 49ல 20 சதவீத டேக்ஸ் போக மீதி 39தான் மிச்சம்ங்கற பேர்ல உள்ள வந்து உக்காந்திருக்கு.

என்ஹெச்எஸ்ஸோட 2015 பென்ஷன் ஸ்கீம்ல அந்தந்த வருஷம் வாங்கற சம்பளத்துல 54ல ஒரு பங்கு பென்ஷனா சேரும். கார் வருஷத்துக்கு 6,000 பவுண்டை முழுங்குது, 6,000ஐ 54ஆல வகுத்தா 111. மூணு வருஷத்துக்கு 333. இது ஒரு தடவை போற 333 இல்லீங்க, ரிட்டயர் ஆனதுக்கப்புறம் சாகற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் 333 பவுண்டு பென்ஷன் கம்மி. 68லேர்ந்து 88 வரைக்கும் இருந்தான்னு வச்சுக்கிட்டா 6,660 பவுண்டு, அதுவும் இன்னிக்குக் காசுல, வேலைல இருக்கற வரைக்கும் அந்தத் தொகை விலைவாசியை விட வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் கூடுதலா ஏறும்ங்கறதை சேர்க்காம. அதுக்குப் பதிலா மூணு வருஷத்துல கட்டாம விட்டது 1,764, அதுல டேக்ஸ் போக கைல மிச்சம் சுமார் 1,411. அப்ப அது எப்படி மிச்சம் ஆகும், நாளைக்கு வர்ற காசை இன்னிக்கே உடைச்சு கார்ல போடறோம்.

இதைச் சொன்னதும் அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் லேப்டாப்பை மூடிட்டு "சரி உன் பேர்லயே பாரு"ன்னா. ஆனா என் பேர்ல எடுத்தாலும் லாபமானு கேட்டா, எதோட ஒப்பிடறோம்ங்கறதுல இருக்கு. போர்ட்டல்ல பச்சை கலர்ல பெருசா போட்டிருக்கற சேவிங்ஸ் வெளில தனியா லீஸ் எடுக்கறவனோட ஒப்பிட்டது, எங்க வீட்டு வாசல்ல நிக்கற 2014 டொயோட்டா யாரிஸோட ஒப்பிட்டது இல்ல. அது பெட்ரோல், இன்சூரன்ஸ், ரோடு டேக்ஸ், எம்ஓடி (வருஷா வருஷம் கார் ஓட்டத் தகுதியானு பாக்கற டெஸ்ட்) எல்லாம் சேர்த்தே மாசம் 200 பவுண்டைத் தாண்டல. புதுக் கார் 338, அதுக்கு மேல சார்ஜ் பண்ற செலவு. எப்படியும் புதுக் கார் எடுக்கத்தான் போறேன்னு இருக்கறவங்களுக்கு இதைவிட மலிவா வழி இருக்கற மாதிரி தெரியல, 40 சதவீதத்துல இருந்தா தாராளமா எடுக்கலாம். வருமானம் ஒரு லட்சம் பவுண்டைக் கொஞ்சம் தாண்டி குழந்தைக்கு அரசாங்கம் வாரத்துக்கு 30 மணி நேரம் இலவசமா தர்ற சைல்ட்கேர் போயிடுமோன்னு பயப்படறவங்களுக்கு இன்னும் லாபம். பழைய கார் நல்லா ஓடிட்டிருக்கறவன் மிச்சம் பிடிக்கறேன்னு சொல்லி இதுல இறங்கினா அது வேற கதை.

சார்ஜிங் பத்தியும் கட்டுரைல ஒரே வரில முடிச்சுட்டீங்க. வீட்டுல போடற கரண்டுக்கு வாட் வரி (VAT) 5 சதவீதம், ரோட்டுல போடறதுக்கு 20. ஈஸ்ட் ஹாம்ல வரிசை வீட்டுல இருக்கற என் ஃபிரெண்டுக்கு டிரைவ்வே கிடையாது, கார் நிறுத்த இடம் கிடைக்கறதே குதிரைக்கொம்பு, ராத்திரி பத்து மணிக்கு சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல கார்ல உக்காந்து சார்ஜ் ஏறற வரைக்கும் சீரியல் பாத்துட்டு வர்றான். போதாக்குறைக்கு 2028 ஏப்ரல்லேர்ந்து ஈவிக்கு மைலுக்கு 3 பென்ஸ்னு பட்ஜெட்ல அறிவிச்சிருக்காங்க, பத்தாயிரம் மைல் ஓட்டினா 300 பவுண்டு.

அவனோட முதல் லீஸ் கார் போன வருஷம் திருப்பிக் கொடுக்கறப்ப நானும் கூட இருந்தேன். கார் புதுசா வந்த அன்னிக்கு ஹைகேட் முருகன் கோவில்ல பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி அமர்க்களமா ஆரம்பிச்ச கார் அது. லீஸ் கம்பெனிக்காரன் காருக்கு நாம திருஷ்டி கழிக்கறோம்! எடுக்க வந்த ஆள் ஒரு வார்த்தை கூட பேசாம நாலு சக்கரத்தையும் சுத்தி வந்து, நடைபாதை ஓரத்துல உரசின அலாய் மேல சின்ன ஸ்கேலை வச்சு வச்சு ஃபோட்டோ எடுத்தான். ரெண்டு வாரத்துல 310 பவுண்டு பில் வந்துச்சு.

இன்னொண்ணு, ஸ்பான்சர் விசால இருக்கறவங்க நம்ம ஆளுங்கள்ல நிறையப் பேர். சம்பளம் பேப்பர்ல குறையுற விஷயம் இது, விசாவுக்கு சொன்ன சம்பளத்தோட இடிக்குமான்னு ஹெச்ஆர்கிட்ட எழுத்துல பதில் வாங்காம கையெழுத்து போடாதீங்க. வேலையை விட்டாலோ தூக்கினாலோ காரை என்ன பண்ணுவாங்க, பாதில திருப்பினா எவ்வளவு கட்டணும்னு அதே ஈமெயில்லயே கேட்டுக்குங்க. மகப்பேறு லீவுக்குப் போகப்போற பொண்ணுங்களுக்கு, குறைஞ்ச சம்பளத்தை வச்சுதான் முதல் ஆறு வாரத்துக்குத் தர்ற 90 சதவீத சம்பளத்தைக் கணக்கு போடுவாங்கங்கறதையும் யாரும் முன்னாடி சொல்றதில்ல.

எங்க வீட்டுல இன்னும் முடிவாகல, யாரிஸ் இந்த எம்ஓடில பாஸ் ஆகுதான்னு பாத்துட்டு யோசிக்கலாம்னு விட்டிருக்கோம். உங்க பேப்பர் படிக்கற நர்ஸுங்க, கேரர்ஸ் எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும், அடுத்த தடவை இந்தக் கார் கணக்கை அட்டவணையா போடறப்ப பென்ஷனுக்கும் ஒரு கட்டம் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ரெடிங் வாசகர்