ஜாம்பியாவில் தோண்டுவதற்கு முன்

இந்திய ஒன்றியச் சுரங்க அமைச்சகத்துக்கு,

வணக்கம். தாமிரமும் கோபால்ட்டும் தேடுவதற்கு ஜாம்பியாவில் 9,000 சதுர கிலோமீட்டர் நிலம் கிடைத்திருப்பதாக 2025இல் அறிவித்தீர்கள். மின்கம்பிக்கும் பேட்டரிக்கும் அவை வேண்டும்தான். ஆனால் நான் படித்த செய்திகள் எல்லாம் நம் தேவையைப் பற்றியே பேசின. அந்த மண்ணில் குடியிருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அங்கே காப்பர்பெல்ட் என்று ஒரு மாகாணம். கிட்வே, சிங்கோலா, முஃபுலிரா எல்லாம் சுரங்கத்தால் எழுந்த ஊர்கள். வளர்ச்சி என்றதும் அங்குள்ள வயதானவர்களின் நினைவுக்கு வருவது இசட்.சி.சி.எம். என்ற அரசு நிறுவனம். வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெருவிளக்கு, குப்பை அள்ளுவது, கால்பந்து கிளப் என்று தொழிலாளியின் குடும்பத்துக்குப் பலவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். தாமிர விலை சரிந்தபோது நிறுவனம் நஷ்டத்தில் விழுந்தது, நாடு கடனில் மூழ்கியது. கடன் கொடுத்தவர்கள் நெருக்க, 1997க்கும் 2000க்கும் இடையில் சுரங்கங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். வாங்கியவர்கள் தாதுவை வைத்துக்கொண்டார்கள். தெருவிளக்கும் குப்பையும் காசில்லாத நகராட்சிகளின் தலையில் விழுந்தன. அப்போது போட்ட ஒப்பந்தங்களில் பல நிறுவனங்கள் தாதுவுக்காக அரசுக்குக் கட்ட வேண்டிய உரிமத்தொகை (ராயல்டி) வெறும் 0.6 சதவீதம்! 2008இல்தான் அந்த ஒப்பந்தங்களை ரத்து செய்ய முடிந்தது.

அப்படி விற்ற சுரங்கங்களில் ஒன்று கொங்கோலா. 2004இல் அதன் பெரும்பங்கை வாங்கியது வேதாந்தா. தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தப் பெயரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆற்றுநீரும் நிலமும் கெட்டதாகச் சொல்லி, சிங்கோலா பக்கத்துக் கிராம மக்கள் 1,800க்கும் மேற்பட்டோர், வேதாந்தாவின் தாய் நிறுவனம் பதிவாகியிருந்த பிரிட்டனில், லண்டனில் வழக்குப் போட்டார்கள். அங்கேயே விசாரிக்கலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2021இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தன் ஊர் ஓடைக்கு நியாயம் கேட்க இன்னொரு கண்டத்துக்குப் போக வேண்டியிருந்ததே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். அவர்களிடம் நம் முகம் ஏற்கெனவே அறிமுகமாகிவிட்டது, அதுவும் இப்படி.

நாம் மட்டுமல்ல. 2025 பிப்ரவரியில் சாம்பிஷியில் சீன நிறுவனம் ஒன்றின் கழிவு அணை உடைந்து, அமிலக் கழிவு காஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. கிட்வே நகரத்துக்குக் குடிநீர் விநியோகத்தையே நிறுத்தினார்கள்.

மின்சாரத்தைப் பாருங்கள். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி சுரங்கங்களுக்குப் போகிறது. 2024 வறட்சியில், நீர்மின்சாரம் தரும் கரிபா அணை வற்றியபோது வீடுகளில் நாளின் பெரும்பகுதி கரண்ட் இல்லை. உருக்காலை ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் அடுப்புக்கரி வாங்கி என்ஷிமா கிளறுகிறாள் ஒரு பெண். அந்தக் களிக்கான சோளமாவு என்ன விலை, குழாயில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டா: வளர்ச்சிக்கு அவள் வைத்திருக்கும் கணக்கு இதுதான். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை என்று அங்கே அறிவித்தபோது வகுப்பறை கொள்ளாமல் பிள்ளைகள் வந்தார்கள். ஏற்றுமதிப் புள்ளிவிவரம் பார்த்து யாரும் அப்படி ஓடி வந்ததில்லை.

நீங்கள் இப்போதைக்குத் தேடத்தான் போகிறீர்கள். பேரம் பேச இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. சுரங்கம் திறப்பதென்று முடிவானால், ஒப்பந்தத்தை முழுசாக வெளியிடுங்கள், அந்தந்த வட்டாரத்து மொழியிலும் சேர்த்து. கழிவை அப்புறப்படுத்தவும், சுரங்கத்தை மூடியபின் நிலத்தைச் சீராக்கவும் ஆகும் பணத்தை முதல் லாரி கிளம்புமுன் ஜாம்பியாவிலேயே கட்டிவிடுங்கள். 1994இல் மூடிய கப்வே ஈயச் சுரங்கத்தின் நஞ்சு இன்றும் அங்கே குழந்தைகளின் இரத்தத்தில் இருக்கிறது. தாதுவை அப்படியே கப்பலேற்றாமல் அங்கேயே சுத்திகரிக்கத் திட்டமிடுங்கள். மின்சாரத்தைச் சொந்தமாக உற்பத்தி செய்து, அதில் ஒரு பங்கைப் பக்கத்து ஊர்களுக்குக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் செலவாகும், தாமிரம் கொஞ்சம் விலை கூடித்தான் நம் கைக்கு வரும். அந்தக் கூடுதல் காசை நம் விலைப்பட்டியலில் சேருங்கள், நாங்கள் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகர் ஒருவர்