ஐஸ்லாந்து கேம்பர் வேன் பயணம்: சேவைக் குறைபாடு குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சுற்றுலா நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: மே மாதப் பயணத்தில் காப்பீடு குறித்துத் தவறான தகவல் தந்ததால் ஏற்பட்ட இழப்பைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்த கேம்பர் வேனில் (படுத்துறங்கும் வசதியுள்ள வாடகை வேன்) ஐஸ்லாந்தைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியதும் தொலைபேசியில் புகார் சொன்னேன். கருத்துப் படிவத்தை நிரப்பினால் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருவதாக உங்கள் ஊழியர் கூறினார். உங்களோடு இன்னொரு பயணம் போகும் எண்ணம் எனக்கு இல்லை. என் கடன் அட்டையிலிருந்து 2,40,000 ஐஸ்லாந்து க்ரோனா, நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல், போயிருக்கிறது. அது யாரால் போனது என்பதை இப்போது எழுத்தில் தருகிறேன்.

உங்கள் ரசீதில் "முழுக் காப்பீடு" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருக்கிறீர்கள். கெப்லாவிக் விமான நிலையத்தில் வண்டியை ஒப்படைத்த வாடகை நிறுவனத்தார், மணல், சாம்பல் சேதத்துக்கான காப்பீடு எங்கள் பதிவில் இல்லை, சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். அங்கே நின்றபடியே உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். "எல்லாம் சேர்ந்தேதான் இருக்கிறது சார், அவர்கள் விற்கப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்று பதில் வந்தது. வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதினார்கள். நகலை இணைத்திருக்கிறேன்.

அந்த நாட்டின் தென்கரையைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். விக் ஊரைத் தாண்டினால் மீர்தால்சாந்துர், அதற்கும் அப்பால் ஸ்கெய்தராசாந்துர் என்ற சமவெளிகள். எரிமலைச் சாம்பலும் பனியாறுகள் அரைத்துத் தள்ளிய கருமணலும் மைல்கணக்கில் விரிந்து கிடக்கின்றன. தடுக்க ஒரு மரம் கிடையாது. 1996இல் வாட்னாயோக்குல் பனிக்கவிகைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் பெருவெள்ளமாக வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போன சமவெளி ஸ்கெய்தராசாந்துர்தான். முறுக்கிப்போன இரும்பு உத்திரங்களை இன்றும் சாலையோரத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அங்கே காற்று கிளம்பினால் வண்டியின் பெயின்ட் மிஞ்சாது. மணல் சேதத்துக்கென்று தனிக் காப்பீடு விற்பது அதனால்தான். சுற்றுலாப் பயணியை ஏமாற்றுவதற்காக அல்ல.

நாங்கள் அந்தச் சமவெளியைக் கடக்க வேண்டிய நாளில் ஐஸ்லாந்து வானிலைத் துறை மஞ்சள் எச்சரிக்கை விடுத்திருந்தது. விக்கிலேயே தங்கிவிடுகிறோம், நீங்கள் பதிவு செய்த பனியாற்று நடையை (பனியாற்றின் மேல் நடந்து பார்க்கும் சுற்றுலா) மறுநாளைக்கு மாற்றித் தாருங்கள் என்று காலையிலேயே கேட்டேன். மாற்றினால் பணம் திரும்ப வராது, மஞ்சள் என்றால் கொஞ்சம் காற்று அடிக்கும், அவ்வளவுதான் என்றார்கள். உயரமான வேனுக்கு அந்தக் "கொஞ்சம் காற்று" என்ன செய்யும் என்பதை ஸ்கெய்தராசாந்துரில் பார்த்தோம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தும் வண்டி எதிர்த்தடத்துக்கு இழுத்தது. என் மனைவி மறுபடியும் உதவி எண்ணை அழைத்தபோது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தச் சாலையில் ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே! ஸ்காப்டாபெல் முகாம்தளத்தை எட்டியபோது காற்று வந்த பக்கத்துக் கண்ணாடிகள் மங்கிப்போய், முன்பக்கம் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. பனியாற்று நடையைக் காற்றின் காரணமாக அதை நடத்துபவர்களே ரத்து செய்திருந்தார்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வாடகை நிறுவனத்தார் சேதத்துக்கான தொகையை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. கேட்டார்கள், நான் உங்கள் பேச்சை நம்பி மறுத்தேன், கையெழுத்தும் போட்டேன். வண்டியும் நல்ல வண்டி; ஹீட்டர் ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை.

உங்கள் பயணத் திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்ட்மன்னலேய்கரும் ஆஸ்க்யாவும் அதில் இருந்தன. இரண்டுமே உள்நாட்டு மேட்டுநிலத்தில், எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணுள்ள மலைச்சாலைகளின் வழியே போக வேண்டிய இடங்கள். அந்தச் சாலைகளில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி; பனி விலகி அவை திறப்பதும் பொதுவாக ஜூன் பிற்பகுதிக்கு மேல்தான். நீங்கள் எங்களை அனுப்பியது மே மாதத்தில், இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் வேனில். "நினைத்த இடத்தில் நிறுத்தி உறங்கலாம்" என்ற விளம்பர வாசகமும் அப்படித்தான். முகாம்தளத்துக்கு வெளியே இத்தகைய வண்டியில் இரவு தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று 2015 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. மே தொடக்கத்தில் பல முகாம்தளங்கள் திறந்திருக்கவும் இல்லை. இரவு ஒவ்வொன்றிலும் தங்க இடம் தேடுவதே எங்களுக்கு வேலையாகிவிட்டது.

ஆகவே, என்னிடம் பிடித்த சேதத் தொகை முழுவதையும், "முழுக் காப்பீடு" என்று வாங்கிய கட்டணத்தையும், போக முடியாத இரண்டு இடங்களுக்கும் நடக்காத பனியாற்று நடைக்கும் வசூலித்த தொகையையும் 30 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். தள்ளுபடிக் கூப்பனாகத் தந்தால் ஏற்கமாட்டேன்.

தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். வழக்கு சென்னையில்தான் நடக்கும் என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னது சரியல்ல. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. மதுரைக்கு வந்துபோகும் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், சேத மதிப்பீடு, புகைப்படங்கள்.